மீந்த வான்கோழியும் மறுநாள் களியும்

கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் நள்ளிரவுத் திருப்பலியில் கோவில் நிரம்பி வழியும். டிசம்பர் 26ஆம் நாள் காலைத் திருப்பலிக்கு வருவோரையோ விரல்விட்டு எண்ணிவிடலாம். அன்று முதல் மறைசாட்சியான புனித ஸ்தேவானின் திருநாள். பலிமுடிந்ததும் முதியோரையும் நோயாளரையும் இல்லந்தோறும் சென்று சந்திப்பது நமது வழக்கம். அவ்வாறு சென்றபோது தருமபுரியிலிருந்து பென்னாகரம் செல்லும் சாலையை ஒட்டிய சிற்றூர் ஒன்றில், ஓர் இல்லத்தின் அடுப்படியில் நடந்த வழக்குக்கு நாம் நடுவராக நேர்ந்தது. வழக்கின் பொருள், மீந்துபோன வான்கோழி!

அவ்வீட்டு மகன் பெங்களூரில் தொழிற்சாலையொன்றில் பணிபுரிபவர். நம் மாவட்டத்து இளைஞர் பலரும் அவரைப் போன்றே பிழைப்பை நாடி எல்லை கடந்து சென்றவர்கள்தாமே! பெருவிழாவுக்கு வரும்போது அங்குள்ள கடையொன்றில் புகையூட்டிப் பதப்படுத்திய முழு வான்கோழி ஒன்றை வாங்கி வந்திருந்தார். நெடுநாள் ஆசையாம். பணமும் கணிசமாகச் செலவாகியிருந்தது. ஆனால் பண்டிகை நாளன்று வீட்டில் ஆட்டுக்கறியும் பிரியாணியும் இருக்க, வான்கோழியைக் குழந்தைகள் சிறிது சுவைத்ததோடு சரி. பெரியவர்கள் தொட்டுப் பார்த்துவிட்டு ஒதுக்கிவிட்டனர்.

நாம் படியேறியபோது குரல்கள் உயர்ந்திருந்தன. மருமகள் அனைத்தையும் வெளியே கொட்டிவிட வேண்டும் என்றார். "பாருங்க ஃபாதர், கறி உள்ளே சிவப்பா இருக்கு. சரியா வேகவே இல்லை. பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுக்கிறது?" என்பது அவர் வாதம். மாமியாரோ கண்கலங்கி நின்றார். "சாமி, புகை போட்ட கறி கெடுமா? எங்க காலத்துல அடுப்புக்கு மேல உப்புக்கண்டம் தொங்கும். மாசக்கணக்கா இருக்கும். பஞ்சத்துல பிழைச்ச வயிறு சாமி இது. சோத்தைக் கொட்டச் சொன்னா மனசு கேக்குமா?" என்றார். மகன் இருவருக்கும் இடையே வாய்திறவாமல் நின்றார். வாங்கி வந்தவர் அவரல்லவா?

அன்பார்ந்த குடும்பங்களே, இவ்விருவரில் யார் பக்கம் நியாயம்? இருவர் பக்கமும் உண்டு. இருவரிடமும் பிழையும் உண்டு. அதை விளக்கவே இக்கட்டுரை.

சிவந்த சதையும் பச்சைக் கறியும்

முதலில் மருமகளின் அச்சத்தை எடுத்துக்கொள்வோம். புகையூட்டிய இறைச்சியின் நிறம் சிவந்திருப்பது வேகாமையின் அடையாளம் அன்று. விறகு எரியும்போது எழும் புகையில் நைட்ரஜன் சார்ந்த வாயுக்கள் உள்ளன. அவை இறைச்சியில் இயல்பாகவே உள்ள செந்நிறப் பொருளோடு கலந்து, எவ்வளவு வெந்தாலும் மாறாத இளஞ்சிவப்பை உண்டாக்கிவிடும். ஆகவே இத்தகைய கறியில் கண்ணை நம்பித் தீர்ப்புச் சொல்லலாகாது. முழுதும் வெந்தது என உறையின்மேல் அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சமைக்கும்போது உள்ளும் புறமும் கொதிக்கக் கொதிக்கச் சூடேற்ற வேண்டும். 74 பாகை செல்சியஸ் வெப்பம் கறியின் நடுப்பகுதி வரை எட்ட வேண்டும் என்பது உணவுக் காப்புத் துறையினர் வகுத்த அளவு. குழம்பு தளதளவெனக் கொதித்தால் அந்த அளவு தாண்டிவிடும்.

உப்புக்கண்டம் வேறு, இது வேறு

இனிப் பாட்டியின் வாதம். புகையிட்ட கறி கெடாது என்பது அவர் கண்ட அனுபவம், அது பொய்யன்று. ஆனால் அவர் கண்டது உப்புக்கண்டம். அதன் செய்முறையை நம் தாய்மார்கள் அறிவர். கறியை மெல்லிய துண்டுகளாக அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாயும் தாராளமாகப் பூசி, நூலில் கோத்து, வெயிலில் பல நாள் காயவைப்பர். இரவில் அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிடுவர். உப்பு நீரை வெளியே இழுக்கும். வெயில் அந்நீரை உலர்த்தும். புகையிலுள்ள அமிலங்களும் பிற பொருள்களும் மேற்புறத்தில் கிருமி படராதபடி தடுக்கும். கடைசியில் கறி விறகுச் சிராய் போல் இறுகிவிடும். நீர் இல்லாத இடத்தில் கிருமி வாழ இயலாது. அதுவே அதன் இரகசியம்.

கடையில் வாங்கிய வான்கோழியோ அத்தகையதன்று. அது முழுப் பறவை; சதை தடித்தது; ஈரம் நிறைந்தது; உப்பு மிதமானது. புகை அங்கே பெரும்பாலும் மணத்திற்காகவும் சுவைக்காகவும் ஊட்டப்பட்டதேயன்றி, மாதக்கணக்கில் காப்பதற்காக அன்று. பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு. உறை பிரித்த பின் அதனைச் சாதாரண சமைத்த கறியாகவே கருத வேண்டும்.

நாம் முன்பு பணிபுரிந்த பங்கு ஒன்றில் நடந்த நிகழ்ச்சியை இங்கே சொல்வது தகும். திருவிழா விருந்தில் மீந்த கறிக்குழம்பைப் பெரிய அண்டாவோடு மூடி இரவு முழுவதும் அப்படியே வைத்துவிட்டனர். நாமும் அதைக் கண்டோம். காலையில் சூடுபண்ணிக் கொடுத்தால் போதும் என்று எண்ணி வாளாவிருந்தோம். மறுநாள் அதை உண்ட சிறுவர்கள் பலர் வயிற்று நோவால் துடித்தனர். இறையருளால் எல்லாரும் பிழைத்தனர். ஆயினும் அந்த இரவை நாம் மறந்ததில்லை. மருத்துவப் பணியாற்றும் அருட்சகோதரி ஒருவர் பின்னர் காரணத்தை விளக்கினார். கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்றொரு நுண்ணுயிர் உண்டு. கொதியிலும் அழியாத வித்துக்கள் அதனிடம் உள்ளன. பெரிய பாத்திரத்தில் குழம்பு மெல்ல மெல்ல ஆறும்போது, அந்த வெதுவெதுப்பில் வித்துக்கள் விழித்து, கணக்கின்றிப் பெருகும். அன்றியும், வேறு சில கிருமிகள் உண்டாக்கும் நஞ்சு மறுபடி கொதிக்கவைத்தாலும் நீங்குவதில்லை. மணமும் சுவையும் மாறாமலேயே உணவு நஞ்சாகிவிடலாம்.

ஆகவே விதி எளிது. சமைத்த கறியை இரண்டு மணி நேரத்திற்குமேல் வெளியே வைத்தலாகாது. எலும்பிலிருந்து சதையைப் பிரித்து, ஆழமில்லாத சிறு பாத்திரங்களில் இட்டுக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். 3 அல்லது 4 நாட்களுக்குள் உண்டு முடிக்க வேண்டும். சூடுபண்ணுவது ஒருமுறையே, வேண்டிய அளவை மட்டும் எடுத்துச் சூடுபண்ண வேண்டும். குளிர்பெட்டி இல்லாத வீடா? அப்படியானால் மீதம் வைக்கும் எண்ணமே வேண்டாம். அன்றே, சூடு ஆறுமுன்பே, அக்கம்பக்கத்தாரோடு பகிர்ந்துகொள்வதே அவர்களுக்குரிய குளிர்பெட்டி.

அந்த வீட்டில் நிலைமை எவ்வாறிருந்தது? பறவையின் ஒரு பக்கத்து மார்புச் சதையும் எலும்புக்கூடும் விருந்தன்றே குளிர்பெட்டிக்குள் சென்றிருந்தன. அது மருமகளின் முன்யோசனை. ஆனால் ஒரு முழுக் காலையும் தட்டுகளில் மீந்த துண்டுகளையும் பாட்டி சட்டியிலிட்டு, இரவெல்லாம் உறியில் தொங்கவிட்டிருந்தார். குளிர்பெட்டியில் இருந்ததைச் சமைக்கலாம், உறியில் இருந்ததைப் புதைக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தோம்.

பாட்டி சட்டியை எடுக்கவில்லை. சற்று நேரம் கழித்து மெல்லச் சொன்னார்: "அது எனக்கில்லை சாமி. கோடி வீட்டுல ஒத்தையா இருக்காளே, அவளுக்கு எடுத்து வச்சது."

கோடி வீட்டில் கைம்பெண் ஒருவர் தனியே வாழ்வதை நாமும் அறிவோம். விருந்து நாளன்று வந்தோரைக் கவனிக்கும் பரபரப்பில் அவரை ஒருவரும் நினைக்கவில்லை. நினைத்தவர் பாட்டி ஒருவரே. அவரும் துணிந்து கேளாமல் ஒளித்து வைத்தார். அதுவும் கெட்டுவிட்டது. அந்த வேளையில் அவ்வீட்டில் நிலவிய அமைதியை என்னென்போம்! மருமகள்தாம் முதலில் பேசினார். "அத்தை, எங்கிட்ட சொல்லியிருந்தா நேத்தே சூடா கொண்டுபோய்க் கொடுத்திருப்பேனே" என்றார்.

பறவையின் பயணம்

அடுப்பு மூளும் வரை இந்தப் பறவையைப் பற்றிச் சில சொல்வோம். வான்கோழியின் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோ நாட்டுப் பழங்குடியினர் அதனை வீட்டுப் பறவையாகப் பழக்கினர். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர் அதனை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். போர்த்துக்கீசியர் வழியாக அது கோவாவுக்கு வந்தது. 1612ஆம் ஆண்டில் முகர்ரப் கான் என்னும் அதிகாரி கோவாவிலிருந்து கொணர்ந்த அரிய பொருள்களுள் வான்கோழியும் ஒன்று. அதனைக் கண்டு வியந்த முகலாய மன்னர் ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்புகளில் அதைப்பற்றி எழுதினார். அரசவை ஓவியர் மன்சூர் தீட்டிய வான்கோழி ஓவியம் இன்றும் புகழ்பெற்றது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பிரெஞ்சு மொழியில் இப்பறவைக்கு வழங்கும் பெயர், 'இந்தியாவைச் சார்ந்தது' என்னும் பொருளில் பிறந்தது! மூதுரையில் மயிலைப் பார்த்து ஆட முயலும் வான்கோழியை நாமெல்லாம் பள்ளியில் படித்தோம். அந்நூல் அதற்கு முற்பட்டதாதலால், ஒளவையார் கண்ட பறவை இதுவாக இருக்க முடியாது.

இன்று தமிழ்நாட்டிலும் வான்கோழி வளர்ப்போர் உளர். நாட்டுக் கருப்பு வான்கோழியையும் பெல்ட்ஸ்வில் சிறு வெள்ளை என்னும் அயல் இனத்தையும் கலந்து உருவாக்கிய நந்தனம் வான்கோழி 1 என்னும் இனம் நம் தட்பவெப்பத்திற்கு ஏற்றது. இதன் முட்டை பொரிய 28 நாட்கள் ஆகும். கோழிமுட்டைக்கோ 21 நாட்களே.

வான்கோழியின் மார்புச் சதையில் கொழுப்பு குறைவு. ஆகவே மறுமுறை வறுத்தால் நார்நாராய் வறண்டுவிடும். குழம்பில் இட்டால் மென்மை பெறும். அமெரிக்க நாட்டின் தென்பகுதியில் வாழும் கறுப்பின மக்கள் புகையிட்ட வான்கோழியின் கழுத்தையும் இறக்கையையும் கீரையோடும் பயற்றோடும் சேர்த்து வேகவைப்பர். சிறிதளவு கறியின் புகைமணம் பானை முழுவதையும் நிறைத்துவிடும். ஏழைகளின் அடுப்பு எங்கும் ஒன்றே போலும்! அவர்களுக்குப் பயறும் கீரையும் என்றால், நமக்குப் பிதுக்கம்பருப்பும் கேழ்வரகுக் களியும்.

குழம்பு ஆகும் விதம்

மார்கழியும் தையும் நம் மாவட்டத்தில் மொச்சைக் காலம். பச்சை மொச்சைக் கொட்டையை நீரில் ஊறவைத்து, தோலைப் பிதுக்கி எடுப்பதே பிதுக்கம்பருப்பு. அன்று அவ்வீட்டில் பாட்டி முந்தின இரவே ஊறவைத்திருந்தார். வேலை எளிதாயிற்று. ஆறு பேருக்கான அளவைத் தருகிறோம்.

எலும்புக்கூட்டை உடைத்து, இரண்டு லிட்டர் நீர் ஊற்றி, ஒரு துண்டு இஞ்சியும் சில பூண்டுப் பற்களும் இட்டு, சிறு தீயில் இரண்டு மணி நேரம் காய்ச்சுக. குக்கராயின் முக்கால் மணி நேரம் போதும். பின் வடிகட்டி எலும்பை நீக்குக. உடைந்த எலும்புச் சிம்பு ஒன்றும் தங்கிவிடலாகாது. குழந்தைகள் உண்பது என்பதை நினைவில் கொள்க. எலும்பில் ஒட்டிய சதையைக் கையால் பிரித்துத் தனியே வைக்க.

கொத்தமல்லி விதை இரண்டு மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் ஆறு, மிளகு, சீரகம் தலைக்கு ஒரு தேக்கரண்டி ஆகியவற்றை வறுத்து, இரண்டு கீற்றுத் தேங்காயோடு அரைக்க. சட்டியில் கடலை எண்ணெய் விட்டு, சின்ன வெங்காயம் 200 கிராம், கறிவேப்பிலை, தக்காளி நான்கு ஆகியவற்றை வதக்குக. பாலக்கோட்டுத் தக்காளி இருக்கப் பஞ்சமேது! அரைத்த மசாலையைச் சேர்த்துப் பச்சை வாசனை நீங்கியதும், காய்ச்சிய எலும்புச் சாற்றையும் பிதுக்கம்பருப்பு கால் கிலோவையும் இட்டு வேகவிடுக. பருப்பு வெந்த பின்னரே நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றுக. புளி முந்தினால் பருப்பு வேகாது.

கறி அரைக் கிலோ. அதனைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே வெந்ததாதலால், குழம்பு நன்கு கொதிக்கும் நிலையில் இட்டு, ஐந்து நிமிடம் தளதளவெனக் கொதித்ததும் இறக்குக. அடுத்தது மிக முக்கியம்: சுவைத்துப் பார்க்கும் வரை உப்பைத் தொடாதீர்கள். புகையூட்டுமுன் அந்தக் கறியை உப்புநீரில் ஊறவைத்திருப்பர். அந்த உப்பே சட்டிக்குப் பெரும்பாலும் போதுமானது. உப்பு மிகுந்தால் இன்னும் சிறிது நீரும் பருப்பும் சேர்த்து நீட்டுக.

களி கிண்டுவதை நம் மாவட்டத்தாருக்குக் கற்பிக்க நாம் யார்? நொய்யரிசியைக் குழைய வேகவிட்டு, கேழ்வரகு மாவைக் கொட்டி, கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்டி, ஈரக் கையால் உருட்டும் கலை இங்குள்ள தாய்மார்களின் சீதனம். ஒன்று மட்டும் சொல்வோம். இந்தக் குழம்புக்கான களியில் உப்புச் சேர்க்க வேண்டாம். உப்பில்லாத களியும் உப்பேறிய குழம்பும் ஒன்றையொன்று சமன்செய்யும். கேழ்வரகு எளியோர் உணவு என்று இகழ்ந்த காலம் போயிற்று. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உள்ளது. அரிசி அதன் அருகில் நிற்க முடியாது. 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை கொண்டாடியது. அவ்வாண்டிலேயே நியாயவிலைக் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டத்தை அரசு முதன்முதலாக நீலகிரியிலும் நம் தருமபுரியிலும் தொடங்கியது.

ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். புகையிட்டும் உப்பிட்டும் பதப்படுத்திய இறைச்சியை அடிக்கடி உண்பது குடற்புற்றுக்கு வழிவகுக்கும் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2015இல் அறிவித்தது. நாளொன்றுக்கு ஒருவர் கொள்ளும் உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பதும் அந்நிறுவனத்தின் அறிவுரை. ஆகவே இது பெருவிழா விருந்தேயன்றி வாரந்தோறும் ஆக்கும் உணவன்று. இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் சாற்றைக் குறைத்துப் பருப்பை மிகுதியாகக் கொள்க.

யாருக்கு முதற் பங்கு?

2022ஆம் ஆண்டில் உலகில் வீணான உணவு ஏறத்தாழ 105 கோடி டன் என்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்ட அறிக்கை கூறுகிறது. அதில் நூற்றுக்கு அறுபது பங்கு வீடுகளில் வீணானது. அதாவது நம் அடுப்படிகளில்! 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில், தருமபுரியை உள்ளடக்கிய அன்றைய சேலம் மாவட்டம் பட்ட துயரம் கொஞ்சமன்று. பாட்டியின் வயிற்றில் இருக்கும் பஞ்சத்தின் நினைவு அவருடையது மட்டுமா? தலைமுறை தலைமுறையாய் வந்தது. அதை நாம் இகழலாகாது. ஆனால் அந்த நினைவுக்கு அறிவும் துணைநிற்க வேண்டும்.

ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்த ஆண்டவர், எல்லாரும் உண்ட பின் மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்து வைக்கப் பணித்தார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. மீதியைப் பேணுவது கருமித்தனம் அன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? டிசம்பர் 26க்குரிய புனித ஸ்தேவான் திருத்தொண்டராகத் தெரிந்துகொள்ளப்பட்ட காரணத்தையும் எண்ணிப் பார்ப்போம். எருசலேமின் முதல் திருச்சபையில் அன்றாட உணவுப் பங்கீட்டின்போது கைம்பெண்கள் சிலர் கவனிக்கப்படாமல் விடப்பட்டனர். அக்குறை தீர்க்கவே எழுவர் நியமிக்கப்பட்டனர். அவர்களுள் முதல்வர் ஸ்தேவான். பெருவிழாவுக்கு மறுநாளே பந்தியில் மறக்கப்பட்டவர்களின் பணியாளரைத் திருச்சபை நினைவுகூர்வது நமக்கு ஒரு பாடமன்றோ!

குழம்பு இறங்கியது. வீடு முழுவதும் புகைமணமும் மொச்சை மணமும் கமழ்ந்தன. பாட்டி ஒரு தூக்குவாளியை எடுத்துக் கழுவி மருமகளிடம் நீட்டினார். மருமகள் முதல் அகப்பைக் குழம்பை அதிலே ஊற்றி, இலையில் சுற்றிய இரண்டு களி உருண்டைகளையும் வைத்து, பேரனிடம் கொடுத்தார். "ஆறதுக்குள்ள ஓடு. அவங்க சாப்பிட்டதைப் பார்த்துட்டு வா" என்றார். பெங்களூர் மகன் தாமே மண்வெட்டியை எடுத்துச் சென்று, உறிச் சட்டியில் இருந்ததைத் தென்னை மரத்தடியில் ஆழப் புதைத்துவிட்டு வந்தார். எல்லாரும் தரையில் அமர்ந்தனர். நமக்கும் ஓர் இலை விழுந்தது.

அன்புள்ள இல்லறத்தாரே! மீந்ததைக் கொடுப்பது ஈகையன்று. மீறுமுன் கொடுப்பதே ஈகை. கெடும் நிலையில் உள்ளதை ஏழைக்கு ஈவது அன்பும் அன்று, அறமும் அன்று. வரும் பெருவிழாவில் உங்கள் வீட்டுப் பந்தி தொடங்குமுன், ஒரு தூக்குவாளியைக் கழுவி அடுப்பருகே வைத்துக்கொள்ளுங்கள். அது யாருக்கென்று வீட்டில் உள்ள அனைவரும் கூடிப் பேசி முடிவு செய்யுங்கள். அது நிறைந்த பிறகு நீங்கள் உண்ணுங்கள். அதன் பின்னும் மிஞ்சுவதை அன்றே பிரித்து, குளிரவைத்து, மறுநாள் களியோடு கூடி உண்ணுங்கள்.